முடிவு நிலுவை

நிறுவைக் கந்தோரில் எனக்குப் பதினொரு வருஷம்.
படிக்கல்லில் நாலு கிராம் குறைந்தால்
உள்ளங்கை சொல்லிவிடும்.
அதனால்
பெற்றோலுக்கு ஊர் வரிசையில் படுத்துக் கிடந்த அந்த வருஷம்
கச்சேரி மதிலடியில் என் லுமாலாவைக் களவு கொடுத்தபோது
கத்தவில்லை, ஆரையும் ஏசவில்லை.
வெட்டுப்பட்டுக் கிடந்த கேபிள் துண்டை எடுத்து
உள்ளே கம்பியிழை எத்தனை என்று எண்ணினேன்.
நாற்பத்திரண்டு.
ஒவ்வொன்றும் தலைமயிர்ப் பருமன்.

அடுத்த சைக்கிளுக்கு வதனியின் சீட்டுக்காசு முழுதும் போனது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததை நிறுக்கக் கந்தோரில் தராசு இல்லை.

சைக்கிள் வாங்க ஒரு நாள்.
பூட்டு வாங்க மூன்று கிழமை.

காத்தான்குடி, நஸ்மீரின் வெல்டிங் பட்டறை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு.
பழைய தண்ணிக்குழாய் ஒன்றை வைஸில் இறுக்கி
ஒவ்வொன்றாய்ப் பூட்டினோம்.
வெட்டுவது அவன். செக்கன் எண்ணுவது நான்.

கேபிள் மூன்று செக்கன்.
அதில் ஒன்று, கொறட்டை எடுக்கக் குனிந்தது.

பின்சில்லு வளையப் பூட்டுக்கு நேரம் எழுதவில்லை.
செருப்பைக் கழற்றாமலே ஒரு உதை,
வாயைப் பிளந்துவிட்டது.

சங்கிலி பரவாயில்லை.
கண்ணி எட்டு மில்லிமீற்றர் என்றது பெட்டி,
வேணியரில் ஏழு தசம் இரண்டு.
பெட்டிக்காரனுக்கு வழக்குப் போடலாம் என்றேன்.
"முதல்ல இதப் புடி" என்று
கட்டரின் ஒரு பிடியில் ஏறி நின்றான் நஸ்மீர்.
நாற்பத்தேழு செக்கன்.

பிறகு யூப் பூட்டு.
கட்டாரிலிருந்து லீவில் வந்த புவிராஜ்
உடுப்புக்குள் சுற்றி இரண்டு கொண்டுவந்தான்,
ஒன்றைப் பலி கொடுத்தோம்.
ஒன்றரைக் கிலோ என்றான்
(நிறுத்தேன், முப்பது கிராம் குறைவு).
கட்டர் கடித்தது. கட்டரின் பல் உடைந்தது.
நஸ்மீர் பூட்டைத் தடவி "மாஷா அல்லாஹ்" என்றான்.
கிறைண்டர்.
பொறி கூரைத் தகரம் வரைக்கும் போய் விழுந்தது.
ஒரு கால் அறுந்தும் அசையவில்லை,
மற்றக் காலையும் அறுக்க வேணுமாம்.
டிஸ்க் ஒன்று தேய்ந்து தேங்காய்ச் சொட்டளவாகி
இரண்டாவதை மாட்டிப் பாதி வெட்டில்
கறண்ட் போய்விட்டது.
"மின்சார சபை உன்ட பக்கம் மச்சான்" என்றான்,
"நீ வெண்டுட்டாய்."
அட்டவணையில் எழுதினேன்:
மூன்று நிமிடம் பத்து செக்கன்.
முடிவு நிலுவை.

மிஞ்சிய யூவை ஒரு மாதம்
கும்பிடாத குறையாகப் பூட்டித் திரிந்தேன்.

நாவலடி, ஞாயிற்றுக்கிழமை விடிய, தோணி வந்த நேரம்.
கடலோரம் பூட்டுவதற்கு வேறென்ன இருக்கிறது,
இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை:
சுனாமி, தப்பும் வழி, ஓடுகிற மனிதன், அம்புக்குறி.
சட்டம், பின்சில்லு, கம்பம்
மூன்றையும் சேர்த்து ஒரு கிளிக்.

கால் கிலோ இறாலோடு திரும்பினால்
கம்பம் மணலில் படுத்திருந்தது.
சைக்கிள் இல்லை.
பூட்டும், பூட்டியபடியே போயிருந்தது.

மீன் விற்கிற பூமலர் எல்லாம் கண்டிருக்கிறாள்.
"ரெண்டு பொடியன்மார். ஆட்டி ஆட்டி ஆறுதலாத்தான் புடுங்கினாங்க.
தோளில வெச்சித் தூக்கிப் போனாங்க.
ரோட்டு வேலை ஆக்களெண்டு நினைச்சன் ஐயா" என்றாள்,
சொல்லிக்கொண்டே தன் படிக்கல்லைச்
சாக்குக்கு அடியில் தள்ளினாள்.
அன்றைக்கு நான் அதைக் காணவில்லை.

குழிக்குள் கைவிட்டேன்.
ஒரு சாண், நாலு விரல்.
கொங்கிறீட் ஒரு சிரட்டைக்கும் காணாது.

பலகையின் அம்புக்குறி
கடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டு வர ஏலாது.
நிமிர்த்தி, ஓடுகிற மனிதனை ஊர்ப்பக்கம் திருப்பி
மணலை மிதித்து மிதித்து இறுக்கினேன்.
காற்றுக்கு மெல்ல ஆடினான்.

கல்லடிப் பாலத்தால் நடந்து வருகையில்
சட்டைப்பைக்குள் இரண்டு திறப்பு,
ஒன்று தொலைந்தால் மற்றது என்று வைத்திருந்தவை,
உரசிக்கொண்டே வந்தன.

இறாலை வாங்கிக்கொண்டு வதனி கேட்டாள்,
"பூட்டினீங்களா?"

"பூட்டினேன்" என்றேன்.